மூன்று மாத்திரைக்கும் இறங்காத இரத்த அழுத்தம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பயனாளிகளுள் என் தாயாரும் ஒருவர். மாதந்தோறும் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துச் செல்லும் தன்னார்வலரை, ஒரு வாய் காப்பி குடிக்காமல் அவர் அனுப்பியதில்லை. ஆகவே இம்மடல் அத்திட்டத்தைப் பழிப்பதற்காக எழுதப்பட்டதன்று. மாத்திரை போதாமல் போகும் நோயாளிக்கு அடுத்த படி எது என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

என் தாயாரின் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டுகளாக மேல் அளவு 160-க்குக் கீழே இறங்கவில்லை. ஒன்றாக இருந்த மாத்திரை இரண்டாகி, பிறகு மூன்றாயிற்றே தவிர, ஏன் இறங்கவில்லை என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் நின்று வெகுகாலமாகிவிட்டது. அந்த எண்களை எழுதுவது சிகிச்சைக்கா, கணக்குக்கா என்றுகூட ஒரு கட்டத்தில் எனக்குத் தோன்றியது.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்பட மூன்று வகை மருந்துகளை உரிய அளவில் உட்கொண்டும் அழுத்தம் 140/90-க்குக் கீழே வராவிட்டால், அதனை மருந்துக்குக் கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம் என்று மருத்துவம் தனியாகவே வகைப்படுத்துகிறது. அதில் ஒரு பகுதி பொய்த் தோற்றமாகவும் இருக்கலாம்: பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடித் தெரியும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்காமல் பார்த்தாலும் அப்படியே. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளோ, அழுத்தத்தை உண்மையாகவே ஏற்றிவிடும். இவையெல்லாம் இல்லையென்று உறுதியான பின்னும் இறங்காத அழுத்தத்துக்குச் சிறுநீரகத் தமனிச் சுருக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியின் கோளாறு போன்ற வேறொரு நோய் அடியில் இருக்கக்கூடும். அதைக் கண்டறிவது சிறப்பு மருத்துவரின் வேலை. வீடு தேடி வரும் தன்னார்வலரிடம் அதனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

என் தாயாருக்கு இருந்தது அட்ரீனல் கோளாறுதான். இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதை நாங்கள் வயதின் மேல் போட்டுவிட்டோம். நகரத்தில் ஒரு மருத்துவர் பழைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டி, பொட்டாசியம் குறைந்திருப்பதைக் கண்டு, உடலின் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் என்னும் சுரப்புகளின் அளவுகளைப் பார்க்கச் சொன்னார். ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-இலேயே விவரித்த நோய் இது. ஸ்பைரோனோலாக்டோன் என்னும் பழைய, விலை குறைந்த மாத்திரையைச் சேர்த்த சில வாரங்களில் என் தாயாரின் மேல் அளவு 130-ஐ ஒட்டி வந்தது. ஆனால் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இதயச் சுவர் தடித்துவிட்டது என்று எக்கோ பரிசோதனை சொல்கிறது.

அந்த மருத்துவரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தது, உறவினர் ஒருவர் சொன்னதால் மட்டுமே. உறவினரின் இடத்தில் ஒரு விதி இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மூன்று மருந்துகளைத் தவறாமல் உட்கொண்டும் தொடர்ந்து மூன்று மாதங்கள் அளவு இறங்காதவரையும், முப்பது வயதுக்குள்ளேயே அழுத்தம் கூடியவரையும், எவரும் கேட்காமலேயே பரிந்துரைச் சீட்டுடன் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பத் தாங்கள் ஆணையிட வேண்டும். அங்கே வாரத்தில் ஒரு நாளேனும் இவர்களுக்கென ஒதுக்கி, பொட்டாசியம், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றை அன்றே பார்த்து, தேவைப்படுவோரை அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் அல்லது நாளமில்லாச் சுரப்பியியல் துறைக்கு அனுப்பலாம். களப்பணியாளர் பையில் பெரிய அளவுப் பட்டை ஒன்றும் இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

குறிப்பேட்டில் "அளவு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "மேல்சிகிச்சைக்கு அனுப்பிய நாள்" என்று இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும், வேலை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
பயனாளி ஒருவரின் மகன்