லா பால்மாவில் இருக்கும் மகளுக்கு

வடாலா, மும்பை

அன்பு மகள் பிரின்சிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. புதன்கிழமை மாகிம் நொவேனாவுக்குப் போய், அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டும் இந்த மினி ட்ரான்சாட் பாய்ப்படகுப் பந்தயத்தில் நீ முதல் கட்டத்தை முடித்துக் கரையேறியதற்காகக் கூடுதலாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். தம்பி இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். போனில் என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லாருக்குப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து முழுசாகப் படி.

அட்லாண்டிக் வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். டிராக்கரில் நீ இருக்கும் இடத்தைப் பார்த்துப் பென்சிலால் புள்ளி வைப்பது என் வேலை. பிரான்சில் லெ சாப்ல் தொலோனில் நீ கிளம்பியதும் வரும் பிஸ்கே வளைகுடாவில் ஆழம் 200 மீட்டரிலிருந்து 4,000 மீட்டருக்கு இறங்குகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும் என்று படித்திருந்தேன். நீ அதைத் தாண்டும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்பெயினின் பினிஸ்டெர் முனைக்கு அப்பால் கப்பல் பாதைக்கு வெளியே மேற்கே விலகி நீ இறங்கியதைப் பார்த்ததும்தான் மனசு நிம்மதியாச்சு. அதனால் பந்தயத்தில் சில இடங்கள் பின்னுக்குப் போயிருக்கலாம், போகட்டும். ரொம்பச் சரியான முடிவு.

இந்திரா டாக்கில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். கண்டெய்னர் கப்பலில் மேலே நிற்கிறவனுக்கு மூக்குக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் தெரியாது. அடுக்கின பெட்டிகளே மறைத்துவிடும். உன் படகு ஆறரை மீட்டர், இருபதடி கண்டெய்னரைவிட ஒரு முழம்தான் அதிகம். உன்னைப் பார்த்தாலும் அவனால் உடனே நிறுத்த முடியாது. பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இருக்கிறது என்று அசந்துவிடாதே. பதினைந்து நிமிஷம் தூங்கினால் எழுந்ததும் முதலில் சுற்றிலும் ஒரு பார்வை, அப்புறம்தான் தண்ணீர், பிஸ்கட் எல்லாம்.

பாய்ப்படகில் தனியாக உலகைச் சுற்றி வந்த அபிலாஷ் டோமிக்குக் கேட்வேயில் வரவேற்பு கொடுத்தார்களே, 2013 ஏப்ரலில், நம்மால் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. அவர் 2018-இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, இந்தியப் பெருங்கடலின் நடுவில் அசைய முடியாமல் கிடந்தார். பிரெஞ்சு மீன்துறைக் கப்பல் வந்து மீட்டது. மறுபடியும் 2022-இல் அதே பந்தயத்துக்குக் கிளம்பி, 2023-இல் இரண்டாவதாக முடித்தார். அவர் போய்ச் சேர்ந்த அதே லெ சாப்லில் இருந்துதான் என் மகளும் கிளம்பினாள். இதை வடாலாவில் நான் சொல்லாத ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரே உன்னைப் பற்றி விசாரிக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், தோணிக்குத் தலைவர். அவர் ஒருநாளும் தனியாகக் கடலுக்குப் போனதில்லை. புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி 2024-25-இல் கடற்படையின் தாரிணி பாய்ப்படகில் உலகத்தையே சுற்றி வந்தார், கூடத் தில்னா இருந்தார். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி விழித்திருப்பாள். உன் பந்தயத்தில் அதுவும் கிடையாது. சாட்டிலைட் போன் கூடாது, ரேடியோவில் வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். 1977-லிருந்து இப்படித்தான் நடத்துகிறார்கள் என்கிறாய். சரி. சம்பாதித்ததையெல்லாம் படகில் போட்டாய், அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சையும் இந்தக் கடிதத்தில் எடுக்கப்போவதில்லை.

இரண்டாவது கட்டத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். லா பால்மாவிலிருந்து கரீபியனில் இருக்கும் குவாதலூப் கிட்டத்தட்ட 2,700 கடல் மைல். முதல் கட்டத்தைப் போல இரண்டு மடங்கு. முதலில் கேனரி தீவுகளின் மறைவில் காற்று செத்துக் கிடக்கும். அங்கே பொறுமை வேண்டும். அதைத் தாண்டினால் நம் ஊரில் வாடைக்கொண்டல் என்கிறோமே, அந்த வடகிழக்குத் திசையிலிருந்து வருகிற காற்று. தெற்கே கேப் வெர்டே பக்கம் இறங்கினால் காற்று பலமாகக் கிடைக்கும், தூரம் கூடும். வடக்கே நின்றால் தூரம் குறைவு, காற்று கைவிட்டாலும் விடும். நீ தெற்கேதான் போவாய் என்று நினைக்கிறேன். தெற்கில் ஏதாவது ஒன்று என்றால் ஒதுங்க அந்தத் தீவுகளாவது இருக்கின்றன. அதைத் தாண்டிவிட்டால் குவாதலூப் வரை ஒதுங்க இடமே இல்லை.

எதிர்க்காற்று இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிற காற்று, சுகமான பயணம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதாது. பின்காற்றில்தான் பெரிய பாயை ஏற்றுவாய், படகு அலையில் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பாயை மாற்ற இருட்டில் படகின் முன்முனைக்கு, அணியத்துக்குத் தவழ்ந்து போவாய். தவறி விழுந்தால் ஆட்டோ பைலட்டுக்கு என்ன தெரியும்? படகு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பிரான்சில் துவார்னனேயில் நீ ஓடிய பந்தயத்துக்கு ஒரு பெண்ணின் பேர் வைத்திருக்கிறார்களே, யார் என்று தேடினேன். மரி-அன்யஸ் பெரோன். 1991-இல் இதே மினி ட்ரான்சாட்டில் கடலில் காணாமல் போனவள். இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. எங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாய்.

போன வாரம் வீடியோவில் பேசினோமே, அங்கே நல்ல வெயில் என்றாய். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டிருந்தாய். போனை ஒரே கையில் பிடித்திருந்தாய். தம்பி நடுவில் ஏதோ கேட்க வந்தான், நீ அவனை முறைத்ததும் பேச்சை மாற்றினான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

உன்னைப் படகோடு பிணைத்து வைக்கும் கயிறு, அந்த டெதரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டாக்கில் பாரம் தூக்கும் ஸ்லிங் ஒரு தடவை வெடுக்கென்று பாரத்தை வாங்கிவிட்டால் அதை நாங்கள் மறுபடி தொடமாட்டோம். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே நூல் அறுந்திருக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பெட்டியைத் தூக்குவோம். உன் டெதரிலும் தையலுக்குள் ஒரு நிறத் துணியை மடித்து வைத்திருப்பார்களாம். பெரிய இழுப்பு ஒன்று விழுந்தால் தையல் பிரிந்து அது வெளியே தெரியும். அந்தத் துணி வெளியே வந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார். கொஞ்சமாக எட்டிப் பார்த்தாலும் தூக்கிப் போட்டுவிடு. தைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, பாய் தைக்கிற கை உனக்கு, அதனால்தான் சொல்கிறேன்.

புதுசு வாங்கும்போது இரண்டு நீளம் உள்ளதாக வாங்கு. நீளக் கயிறு நகர்ந்து போவதற்கு. அணியத்தில் வேலை செய்யும்போது குட்டைக் கயிற்றைத்தான் மாட்டவேண்டும். நீளக் கயிற்றில் விழுந்தால் படகோடு சேர்ந்து தண்ணீரில் இழுபடுவாய், தனி ஆள் அந்த வேகத்தில் ஏறி வரமுடியாது. குட்டைக் கயிறு உன்னைத் தண்ணீருக்கே போகவிடாது. ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்று. சிறுநீர் கழிக்க எழுந்தாலும் மாட்டு. காற்றே இல்லாத இரவிலும் மாட்டு. குட்டைக் கயிறு, பிரின்சி.

இரண்டு கட்ட நேரத்தையும் கூட்டித்தான் இடம் தருகிறார்கள் என்று தெரியும். முதல் கட்டத்தில் விட்ட மணிக்கணக்கை இதில் பிடித்தாக வேண்டும் என்று உனக்குள் ஓடிக்கொண்டிருக்கும், உன் குணம் எனக்குத் தெரியாதா. பிடிக்க வேண்டாம்.

தம்பி கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது டெதருக்கு மட்டும், பாய்க்கு இல்லை. அங்கே கடையில் கிடைக்காவிட்டால், பந்தயத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் யாரிடமாவது கூடுதலாக ஒன்று இருக்கும், கேட்டு வாங்கு, கூச்சப்படாதே. அங்கே டாக்டர் இருப்பார், கையையும் காட்டிவிடு. வாங்கியதும் தம்பிக்கு ஒரு போட்டோ போடு. என்னிடம் அவன் காட்டுவான்.

அன்புடன்,
அப்பா