ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போவதாக நீங்கள் அனுப்பிய தகவலும் படங்களும் கிடைத்தன. இளவட்டங்கள் இத்தனை பேர் சேர்ந்ததில் சந்தோஷம். ஆனால் உங்கள் பட்டியலில் ஜேசிபி, ஆசிட், சிமென்ட் மூன்றும் இருக்கின்றன. திருமங்கலம் பக்கம் வேறு ஊர்க்காரர்களும் இதே பட்டியலோடுதான் கிளம்புகிறார்கள். அதனால்தான் பொதுவிலேயே எழுதுகிறேன்.

சீமைக்கருவேலத்தை ஜேசிபி வேரோடு பிடுங்கினால் கல்லறையும் சேர்ந்து பெயரும். அதைவிட மோசம், புதருக்குள் இருக்கும் மண்மேடுகள். கல் வைக்க வசதியில்லாதவர்களின் குழிகள் அவை. ஒருதடவை சமன் செய்துவிட்டால் அங்கே ஆள் புதைந்திருந்ததற்கே அடையாளம் இருக்காது. அரிவாளால் கழித்து, தரையொட்டி அறுங்கள். திரும்பத் துளிர்க்கும்தான், மழைக்குப் பிறகு மறுபடி போக வேண்டியதுதான். வெடிப்பில் முளைத்த அரசங்கன்றையும் இழுக்காதீர்கள், செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

ஆசிட் ஊற்றினால் சலவைக்கல் பளிச்சென்று ஆகும். கல்லின் மேல்பரப்பே கரைந்துபோவதால் வரும் பளபளப்பு அது, எழுத்தும் கூடவே போய்விடும். தண்ணீரும் நார்ப் பிரஷும் போதும். பழைய கல்லறைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கிவிடும்.

சரி, அப்படியானால் முதல் நாள் என்னதான் செய்வது? படியுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது மங்கிய எழுத்துகூட எழுந்து தெரியும், அப்போது படம் எடுங்கள். உங்கள் படம் ஒன்றில் ‘கஅஎசு’ என்று ஏதோ கிறுக்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது தமிழ் எண், தம்பி: ௧௮௭௬. 1876, தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு! பெயின்ட் வைத்து எழுத்துக்கு மேலே எழுத்து ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ணை, லை, றா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும், அதையும் பார்த்துப் படியுங்கள்.

வெள்ளைக்காரர்களின் கல்லறைகளுக்கு ஓரளவு பதிவு உண்டு. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-இலேயே தொகுத்துவிட்டார், பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து வேலை தொடங்கியது 1834-இல். அவர்களும் கடிதமும் அறிக்கையுமாக எழுதிக் குவித்தவர்கள். நம் ஊர் உபதேசியாருக்கும், பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கும், பிறந்த வாரமே போன பிள்ளைக்கும் அந்தக் கல்லை விட்டால் வேறு காகிதம் கிடையாது. நவம்பர் 2 அன்று சொந்தக்காரர்கள் வந்து பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிற கல்லறைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாரிசு இல்லாமல் போனவர்கள்தான் நம் பொறுப்பு.

சபைக் கமிட்டியிடம் அனுமதி வாங்கும்போதே அடக்கப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். ஆராதனை முடிந்து வரும் வயசான அம்மாக்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கல்லில் இல்லாத பெயர் அவர்கள் வாயில் வரும். தடி ஒன்று, முழங்கால் வரை பூட்ஸ், இதெல்லாம் மறக்காதீர்கள், விரியன் இருக்கிற இடம்.

ஜேசிபிக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால், அவரை வெளியே பாதை ஓரத்துக் குப்பையை அள்ளச் சொல்லுங்கள். சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே மட்டும் விடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்