கியாந்தியின் விதி மாறாமல் இருந்ததில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இத்தாலிய ஒயின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தாலியின் டஸ்கனிப் பகுதிச் சிவப்பு ஒயினான கியாந்தியையும், அதன் பழைய மையப் பகுதியில் விளையும் கியாந்தி கிளாசிக்கோவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் 300 வருடமாகத் தயாரிப்பு விதி மாறாததால்தான் தரமும் மாறவில்லை என்று எழுதியிருப்பது சரியே இல்லை. ஃபிளாரன்ஸில் ஒரு உணவகத்தில் ஆறு வருடம் மேசைக்கு மேசை இந்த ஒயினை ஊற்றியவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த 300 வருடக் கணக்கு 1716-லிருந்து வருகிறது. டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெடிச்சி அந்த வருடம் கியாந்தி உட்பட நான்கு பகுதிகளுக்கு எல்லை வகுத்தார். அது நிலத்தின் எல்லை. எந்தத் திராட்சையைச் சேர்ப்பது என்ற பேச்சுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது, இத்தாலியின் பிரதமராகவும் இருந்த பெத்தினோ ரிக்காசோலி 1872-ல் எழுதிய கடிதம். சஞ்சோவேசே என்ற சிவப்புத் திராட்சை முக்கியம், அதன் கடுமையைத் தணிக்கக் கனாயோலோ என்ற இன்னொரு சிவப்பு, அப்புறம் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. ஆனால் பல வருடம் வைத்திருந்து குடிக்கும் ஒயினுக்கு மல்வாசியாவைச் சேர்க்காமலே விடலாம் என்றும் அவர் அதிலேயே சொல்லியிருக்கிறார்.

1967-ல் அரசு விதி எழுதியபோது அந்த வரியைக் காணோம். குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை கட்டாயம், 30 வரை போகலாம் என்றாகிவிட்டது. சிவப்பு ஒயினில் அவ்வளவு வெள்ளையைக் கலந்தால் நிறமும் வெளுக்கும், வாயில் கனமும் இருக்காது, நாள்பட வைக்கவும் முடியாது. நல்ல ஒயின் செய்ய நினைத்தவர்களுக்கு விதியே தடையாக நின்றது. ஒயின் தயாரிக்கும் அந்தினோரி குடும்பம் 1971 விளைச்சலிலிருந்து தங்கள் தின்யனெல்லோ ஒயினுக்குக் கியாந்தி பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டு, சட்டப்படி மிகக் கீழ்த்தட்டான 'மேசை ஒயின்' என்ற பெயரில் விற்றது, 1975-ல் வெள்ளைத் திராட்சையை அறவே எடுத்துவிட்டது. அந்த 'மேசை ஒயின்' கியாந்தியைவிட அதிக விலைக்குப் போனது.

விதி இறங்கி வந்தது அதற்குப் பிறகுதான். 1984-ல் வெள்ளையின் அளவு வெகுவாகக் குறைந்தது, 1996-ல் கிளாசிக்கோ தனி விதியோடு பிரிந்தபோது முழுக்க சஞ்சோவேசேயில் செய்யலாம் என்றானது, 2006 விளைச்சலிலிருந்து கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கே இடமில்லை. இன்று அதில் சஞ்சோவேசே குறைந்தது 80 சதவீதம், ஹெக்டேருக்கு ஏழரை டன்னுக்கு மேல் அறுவடை கூடாது, நாள்பட வைத்த ஒயின் என்பதைக் குறிக்கும் 'ரிசெர்வா' என்று எழுத 24 மாதம் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் பரந்து கிடக்கும் வெறும் கியாந்திக்கு 70 சதவீதமே போதும், கொஞ்சம் வெள்ளையும் சேர்க்கலாம். அதனால் அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன், நல்லதும் நிறைய குடித்திருக்கிறேன், ஆனால் இரண்டும் வேறு.

கட்டுரையோடு போட்ட படத்தில் வைக்கோல் சுற்றிய குடுவை இருக்கிறது, கிளாசிக்கோ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். கிளாசிக்கோ பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும், நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அந்தப் படக்குறிப்பையும் 'விதி மாறாததால்' என்ற வரியையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்