வில்லுப்பாட்டுக்காரர் தொண்டையையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் பெரியப்பா நாற்பது வருஷம் அம்மன் கொடை, சுடலை கொடை என்று கோயில் திருவிழாக்களில் ஊர் ஊராக வில்லுப்பாட்டு பாடியவர். குரல்நாணில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று, தழும்பு நின்றுவிட்டது. இன்றும் வீசுகோலை எடுத்து வில்லில் தட்டுவார். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பேத்தியைக் கூப்பிடக்கூடக் கை தட்டுகிறார்.

குரல்நாணின் மேல்தோலுக்கு அடியில் கூழ் மாதிரி ஓர் அடுக்கு உண்டு. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேல் அதிரும். தழும்பு விழுந்தால் அது விறைத்துவிடும். அதை இளக வைக்க, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் வளர்ச்சிக் காரணிகளை (செல்கள் வளரத் தூண்டும் புரதங்களை) ஊசியில் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில், மனிதக் குரல்நாண் செல்களிலிருந்து ஆய்வகத்திலேயே திசு வளர்த்தார்கள். நாயின் உடலிலிருந்து எடுத்த குரல்வளையில் பொருத்திக் காற்றை ஊதியதும், அது இயல்பாக அதிர்ந்து ஒலித்ததாம். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, அது நம் கைக்கு வர நாளாகும். அதுவரை வில்லுப்பாட்டு, கணியான் கூத்துக் கலைஞர்களுக்குக் கொடைக் காலத்துக்கு முன்பே தொண்டைப் பரிசோதனை முகாமும் குரல் பயிற்சியும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால், சுக்கு மிளகோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பெரியப்பா ஒரு வருஷம் கழித்துத்தான் போனார்.

- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்