கடற்பறவைகள் பற்றி, உன் மகளுக்கும் சேர்த்து

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி நடக்க ஆரம்பித்திருப்பதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. தோளில் தூக்கி வைத்திருந்த அந்தச் சின்னப்பெண் விலங்கியல் பட்டமே வாங்கிவிட்டாளா! அவள் கடற்பறவை ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று எழுதிவிட்டு, "அழிந்துகொண்டே போகிற ஒன்றைப் படிக்கப் போகிறாளே, வாழ்நாள் முழுக்கத் துக்கம்தானே மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறாய். இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. தொடர்ந்து கணக்கெடுக்கப்படும் கூட்டங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. 1950க்கும் 2010க்கும் நடுவில் அந்தக் கூட்டங்களில் 70 விழுக்காடு பறவைகள் குறைந்துவிட்டன என்றது அது. அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகளில் இருக்கும் 22 இனங்களில் 15 இனங்கள் அழிவு அபாயத்தில் இருக்கின்றன. ஆனால் ஏன் குறைகின்றன என்பது நமக்கு நன்றாகவே தெரியும். 2019இல் உலகின் 359 கடற்பறவை இனங்களையும் எடுத்துப் பார்த்த ஆய்வு மூன்று பெரிய காரணங்களைச் சொன்னது: தீவுகளுக்குள் மனிதர்களோடு வந்து சேர்ந்த எலி, பூனை போன்ற அயல் உயிரினங்கள், மீன்பிடிக் கருவிகளில் சிக்குவது, பருவநிலை மாற்றம். முதல் இரண்டுக்கும் மருந்து கையில் இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்பில் இப்படிச் சொல்ல முடிகிற இடம் அதிகம் இல்லை. உன் மகளைத் தடுக்காதே என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பறவைகளின் வாழ்க்கைக் கணக்கு புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். சிறகு விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல் போகும் வாண்டரிங் அல்பட்ராஸ், முதல் முட்டையிடவே பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். அப்புறமும் இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அடைகாப்பது பதினோரு வாரம். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்கச் சுமார் ஒன்பது மாதம். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் இரை கொண்டுவர வேண்டும். ஒன்று செத்தால் குஞ்சும் போச்சு. இப்படிப்பட்ட இனம் நிலைத்திருக்க வளர்ந்த பறவைகள் நீண்ட நாள் வாழ்ந்தே ஆக வேண்டும். வளர்ந்த பறவைகள் வருடத்துக்கு நூற்றில் நாலைந்து சாவது இயல்பு. அது எட்டு, பத்து என்று ஏறினால் கூட்டம் கரையத் தொடங்கும். அதுவும் உடனே வெளியில் தெரியாது. அதனால்தான் வருடா வருடம் அதே தீவுக்குப் போய், அதே கூடுகளை எண்ணி, பறவைகளின் காலில் மாட்டிய எண் பொறித்த அதே வளையங்களைப் படிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும் வேலை. ஆனால் இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

பசிபிக் கடலில் இருக்கும் மிட்வே தீவின் விஸ்டம் என்ற பறவையைப் பற்றி, லேசான் என்ற அல்பட்ராஸ் இனம் அது, உன் மகளுக்குக் கட்டாயம் சொல். 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அதன் காலில் வளையம் மாட்டினார். 2002இல், 46 வருடம் கழித்து, அதே ராபின்ஸ் அதே தீவில் அதே பறவையை மறுபடி பிடித்தார்! அவர் 2017இல் காலமானார். விஸ்டம் 2024 கடைசியிலும் முட்டையிட்டது. அப்போது குறைந்தது 74 வயது என்று கணித்திருக்கிறார்கள். 1956இல் அந்தச் சிறு உலோக வளையத்தை மாட்டாமல் விட்டிருந்தால், ஒரு அல்பட்ராஸ் இத்தனை காலம் வாழ்ந்து குஞ்சும் பொரிக்கும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன். சூரை மீனுக்காகப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரக்கணக்கான தூண்டில்களோடு ஆயிரங்கால் தூண்டில் போடுவார்கள் அல்லவா? இரை கோத்த தூண்டில் தண்ணீரில் விழுந்து ஆழத்துக்கு இறங்கும் முன் சிறிது நேரம் மேலே மிதக்கும். அந்தச் சில நொடிகளில் பறவை பாய்ந்து கவ்வுகிறது, கொக்கி மாட்டுகிறது, கயிற்றின் கனம் அதை அப்படியே கீழே இழுத்து மூழ்கடிக்கிறது. 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தத் தூண்டில்களில் மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 1,60,000 பறவைகள் செத்துக்கொண்டிருந்தன.

தீர்வு என்ன தெரியுமா? இரவில் தூண்டில் போடுவது. சீக்கிரம் மூழ்கும்படி கயிற்றில் எடை கட்டுவது. படகின் பின்பக்கம் உயரத்திலிருந்து வண்ண நாடாக்கள் தொங்கும் ஒரு கயிற்றைக் காற்றில் ஆடவிட்டு, பறவைகள் இரையை நெருங்காமல் செய்வது. கடைசியில் சொன்னது ஜப்பானிய சூரை மீனவர்களே கண்டுபிடித்தது. நமீபியாவில் 2015இல் இந்தக் கயிற்றைச் சட்டப்படி கட்டாயமாக்கினார்கள். கடலடித் தூண்டில்களில் வருடம் 22,000 வரை போயிருந்த பறவைச் சாவு 2018இல் இருநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. அந்தக் கயிறுகளை வால்விஸ் பே துறைமுகத்தில் ஒரு பெண்கள் குழு கட்டிக் கொடுக்கிறது, அவர்களுக்கும் அதில் வருமானம். மீனவருக்கும் நட்டமில்லை. பறவை கவ்வாத இரை மீனுக்குத்தானே போகும். ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் படகிலேயே கிடந்து, மீனவர்களோடு சேர்ந்து கயிற்றைக் கட்டிப் பார்த்ததால்தான் இது நடந்தது.

எலிக்கதையும் அப்படித்தான். தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் சீல் வேட்டைக் கப்பல்களோடும் திமிங்கில வேட்டைக் கப்பல்களோடும் வந்திறங்கிய எலிகள் இருநூறு வருடம் முட்டையும் குஞ்சுமாகத் தின்று தீர்த்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரில் நஞ்சு இரை தூவினார்கள். பிறகு மோப்ப நாய்களோடு தீவு முழுக்கத் தேடி, ஒன்றுகூட இல்லை என்று உறுதிசெய்துகொண்டு 2018இல் அறிவித்தார்கள். அதே கடலில் இருக்கும் கஃப் தீவில் சுண்டெலிகளை ஒழிக்க 2021இல் செய்த இதே முயற்சி கைகூடவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே ஒரு சுண்டெலி கண்ணில் பட்டது. அங்கே சுண்டெலிகள் டிரிஸ்டன் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. தன்னைவிட முந்நூறு மடங்கு சிறிய பிராணி கடிக்கும்போதும் அந்தக் குஞ்சு எழுந்து நகராது. தரைவாழ் பாலூட்டிகளே இல்லாத தீவில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இனம், தற்காத்துக்கொள்ளத் தெரியாது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று வேறெதுவும் ஓடவில்லை.

எலி போனால் மீளுவது பறவை மட்டும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி இல்லாத தீவுகளையும் எலி உள்ள தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. எலி இல்லாத தீவுகளில் பறவைகள் எக்கச்சக்கம். அவை ஆழ்கடலில் இரை தின்றுவிட்டுத் தீவில் எச்சமிடுகின்றன. அந்த நைட்ரஜன் மழையோடு கரைந்து பவளப்பாறைக்குப் போகிறது. அந்தத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு அதிகம். எலியைப் பிடித்தால் மீன் பெருகும் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆனால் நடப்பது அதுதான்.

மூன்றாவது காரணமான பருவநிலை மாற்றத்துக்கு இப்படிக் கைமருந்து எதுவும் இல்லை, அதை மறைக்கப் போவதில்லை. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நீடித்த கடல் வெப்ப அலையில் அலாஸ்காவில் மட்டும் மீன் தின்னும் முர் என்ற கடற்பறவைகள் சுமார் 40 லட்சம் பட்டினியால் இறந்தன, அங்கிருந்தவற்றில் பாதி. அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடாவில் 2012இல் கடல் சூடானபோது, பஃபின் என்ற சிறு கடற்பறவைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒல்லியான மீன்களுக்குப் பதிலாகத் தட்டையான, அகலமான பட்டர்ஃபிஷ் கிடைத்தது. தாய்ப்பறவை அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தது. குஞ்சின் தொண்டைக்குள் அது இறங்கவில்லை. பக்கத்தில் மீன் குவிந்து கிடக்க, குஞ்சுகள் பட்டினியில் செத்தன. கூட்டுக்குள் கைவிட்டு அந்தக் குஞ்சையும் மீனையும் சேர்த்து எடுக்கும் ஆள், கடல் எப்படி மாறுகிறது என்பதை நேரில் பார்க்கிறார். துக்கம்தான் நண்பா. ஆனால் அதை யாராவது பார்த்து எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு எந்த மீன்பிடி அளவையும் எந்தக் கடல் காப்பகத்தையும் எதை வைத்து முடிவு செய்வது?

மகளுக்கு ஒன்றிரண்டு யோசனைகள். புள்ளியியலைப் பயந்து தள்ளிவிட வேண்டாம், பாதி வேலை அதில்தான் நடக்கும். பறவை எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க உதவும் லைட் லாகர் கருவியைப் பற்றிப் படிக்கச் சொல். ஒன்றரை கிராம் கூட இருக்காது, நூறு கிராம் எடையுள்ள ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவையின் காலில் கட்டுவார்கள். வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டும் பதியும். பகலின் நீளத்திலிருந்து அட்சரேகை, உச்சிவேளையின் நேரத்திலிருந்து தீர்க்கரேகை. இதை வைத்துத்தான் அந்த ஆலா ஒரு வருடத்தில் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறப்பதை 2010இல் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் தகவல் கிடைக்கும், அதனால் பொறுமையும் பழக வேண்டும். மீனவர்களோடு உட்கார்ந்து பேசவும் பழகட்டும், வகுப்பில் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை.

நீ கடற்கரையில் நடப்பதாக எழுதியிருக்கிறாய். காலில் வளையம் போட்ட பறவை கண்ணில் பட்டால் எண், எழுத்து, வளையத்தின் நிறம், எந்தக் கால், தேதி, இடம் எல்லாம் குறித்துவை. படம் எடுத்தால் இன்னும் நல்லது. செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதே, பறவைக் காய்ச்சல் இன்னும் ஓயவில்லை. குறிப்பை எனக்கு அனுப்பு, உரிய இடத்தில் சேர்க்கிறேன்.

அவளை எனக்கு நேராகவே எழுதச் சொல். எந்த இனத்தில் ஆர்வம், தீவு வேலையா, படகு வேலையா, இல்லை கணினியில் தரவோடு உட்காரும் வேலையா என்று யோசித்து எழுதட்டும். யாரிடம் சேரலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். நடையை மட்டும் விடாதே.

அன்புடன்,
உன் பழைய நட்பு