ராத்திரி அடுப்புக்கு விறகு போடுகிறவர்களுக்கு நன்றி

வண்டன்மேடு, புத்தடி, கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் 12ஆவது சூட்டு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்திவிட்டு மலையிறங்கினோம். பன்னிரண்டையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கினீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

ஏலக்காய் உலர்த்துவது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. பறித்த பச்சைக்காயைத் தாமதமின்றி ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், ஏற்ற வேண்டும். விறகடுப்பின் சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் அது உலரும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். சூடு 50 டிகிரியைத் தாண்டி நின்றுவிட்டால் நிறம் வெளுக்கும், காய் வெடிக்கும். ஏல விற்பனையில் பச்சை நிறத்துக்குத்தான் விலை. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட பொருள் இது. அதைக் காக்க ஒருவர் விடிய விடிய அடுப்படியில் விழித்திருக்கிறார். சூட்டை அளந்து, எல்லை மீறினால் அவரை எழுப்புவதுதான் எங்கள் கருவியின் வேலை.

முதல் ஏழு மாதங்கள் பெரிய தோட்ட முதலாளிகளிடமே நடந்தோம். எல்லோரும் நன்றாக உபசரித்தார்கள், நல்ல யோசனை என்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

வழி காட்டியவர் என் பெரியம்மா. கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பேறிக் காயெடுக்கப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர். “அடுப்புக்கு விறகு போடுகிறவரிடம் கேட்டாயா?” என்றார். கேட்கவில்லை. மறுநாள் என்னையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஸ்டோர் அண்ணனே, நீங்கள் என் கைப்பேசித் திரையைப் பார்த்துவிட்டு, “கையெல்லாம் கரி தம்பி, கண்ணாடி இல்லாமல் எழுத்தும் தெரியாது. போன் அடித்தால் போதும்” என்றீர்கள். ஏழு மாதம் உழைத்துச் செய்த செயலியை அன்றிரவே ஒதுக்கி வைத்தோம். இப்போது கருவி உங்களை அழைத்துத் தமிழில் பேசுகிறது. கேரள எல்லையில் சிக்னல் போய்ப் போய் வருவதால் ஸ்டோருக்குள் ஒரு மணியும் வேண்டும் என்றதும் நீங்கள்தான்.

தோட்டத்துச் சேட்டனுக்கு என்ன சொல்வது? முதல் கருவியை இலவசமாகத் தருகிறோம் என்றபோது மறுத்தீர்கள். “சும்மா வந்தது பழுதானால் மூலையில் போட்டுவிடுவேன். காசு கொடுத்தால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பேன்” என்று சொல்லி 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தீர்கள். கூப்பிட்டுக் கேட்கும் நாளும் வந்தது.

ஆடி மழையில் ஒரு ராத்திரி மின்சாரம் போயிற்று. எங்கள் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கருவியை நம்பிக் கண்ணயர்ந்த ஸ்டோர் அண்ணன் எழுந்தபோது 250 கிலோ பச்சைக்காயும் வெளுத்துப் போயிருந்தது. தவறு முழுக்க எங்களுடையது. விடிவதற்குள் மலையேறி வந்து நின்றோம். சேட்டன் சத்தம் போடவில்லை. அந்தக் காய் விற்ற அன்று எங்களைப் புத்தடி ஏல மையத்துக்கு அழைத்துப் போய், பக்கத்து லாட்டுக்கு என்ன விலை, நமக்கு என்ன விலை என்று நேரில் காட்டினார். இழப்பில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, “பேட்டரியை மாற்றிக்கொண்டு வா” என்றார். அந்தப் பயணத்தில் கற்றது வேறெங்கும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதன்பின் அவரே அக்கம்பக்கத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்லி, கூப்பிட்டால் வருவார்கள் என்றும் சொன்னார். அடுத்த நான்கு ஸ்டோர்கள் அந்த ஒரு சொல்லால் வந்தவை.

கம்பத்து உரக்கடை அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் கருவியை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மணியை அடித்துக் காட்டினார். கமிஷன் பேச்சையே எடுக்கவில்லை.

புதிய பேட்டரி 14 மணி நேரம் தாங்குகிறது. மலையாளத்தில் பேசும் குரலும் தயார். அடுத்த எடுப்புக்குள் 12 ஸ்டோர்களிலும் மாற்றிக் கொடுத்துவிடுவோம், இதற்குக் காசு வேண்டாம்.

பெரியம்மா, திங்கட்கிழமை ஜீப்பில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.

நன்றியுடன்,
கம்பத்திலிருந்து உங்கள் தம்பி