நட்சத்திரம் கட்டுங்கள் அம்மா

ஹாம்பர்க்,
அட்வெந்து முதல் வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே இப்போது காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அப்பா போன பிறகு வரும் முதல் குளிர்காலம் இது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் விளக்கைப் போடக்கூட மனசு வராமல் உட்கார்ந்திருப்பேன். போனில் சொன்னால் நீங்களும் அழுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

இங்கே சபை வருஷத்தின் கடைசி ஞாயிறு மரித்தவர்களுக்கானது. அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஊரில் இறந்தவர் பெயரையும் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எந்த ஊர் என்று போதகரம்மா கேட்டார். தரங்கம்பாடி என்றதும் "சீகன்பால்கு போன ஊரா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். 1706இல் அந்த ஜெர்மன் மிஷனரி நம் கரையில் இறங்கியதும், நம் புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானதும் போதகரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா பெயரைத் தப்பில்லாமல் வாசிக்க வேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆராதனையில் சரியாகவே வாசித்தார் அம்மா. நான் அழுதேன், ஆனால் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அந்த ஞாயிறு கழியும்வரை பலர் வீட்டில் அலங்கார விளக்குப் போடுவதில்லை. அடுத்த ஞாயிறே அட்வெந்து, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் காலம், தொடங்குகிறது. பச்சைக் கிளைகளால் கட்டிய வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி வைத்து, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுகிறார்கள். இந்தப் பழக்கம் பிறந்ததே இந்த ஊரில்தான். ஏழைப் பிள்ளைகளுக்காக ரௌஹெஸ் ஹௌஸ் என்ற இல்லத்தை நடத்திய விக்கெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தாராம். சாதாரண நாளுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிற்றுக்குப் பெரிய வெள்ளை. வீடில்லாத பிள்ளைகளுக்கு ஏற்றிய விளக்கு அது, அதை நினைத்தாலே எனக்கு ஆறுதல்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தீக்குப் பயந்து அறைகளில் மெழுகுவர்த்தி வைக்க விடுவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில், நாங்கள் பக்கத்தில் நின்றால் ஏற்றலாம். கோடையில் கணவரை இழந்த ஒரு பாட்டி, தானே ஏற்றுவேன் என்றார். தீக்குச்சி பிடித்த கை நடுங்கியது. மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன். பற்றியதும் ட்யூப்லைட்டை அணைத்தோம். ஒரே ஒரு சுடர்தான், சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோர் முகமும் தெரிந்தது. மற்ற மூன்றின் திரிகள் இன்னும் வெள்ளையாகவே நின்றன. பாட்டி அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இன்னும் இருக்கிறது" என்றார்.

அம்மா, துக்க வருஷம், இந்த முறை வாசலில் நட்சத்திரம் வேண்டாம் என்று போன வாரம் சொன்னீர்கள். புதுத் துணி வேண்டாம், பலகாரம் வேண்டாம், அதெல்லாம் சரி. ஆனால் நட்சத்திரத்தை நிறுத்தாதீர்கள். அட்வெந்து கொண்டாட்டம் இல்லையே, காத்திருப்புதானே. ஏசாயா தீர்க்கதரிசி வெளிச்சத்தைச் சொன்னது இருளில் நடக்கிற ஜனங்களுக்கு. இந்த வருஷம் அந்த ஜனங்கள் நாம்தான். மரித்தோர் ஞாயிறு முடிந்த கையோடு முதல் விளக்கை ஏற்றச் சொல்கிற சபை, நம் வீட்டை மட்டும் இருட்டில் இருக்கச் சொல்லாது. யாராவது கேட்டால் மகள் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

அப்பா கட்டிய மூங்கில் சட்டம் பரண்மேல்தான் இருக்கும். காகிதம் கிழிந்திருந்தால் தம்பியைப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ப்ளக்கில் சொருகட்டும். நீங்கள் ஏணியில் ஏறாதீர்கள். அப்புறம், மாத்திரைக்கும் சேர்த்துப் பணம் போட்டிருக்கிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்